ராத்திரித் தண்ணீரைக் குறைக்காதீர்கள்

வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற மகன்களுக்கும் மகள்களுக்கும் மருமகள்களுக்கும், சம்பளத்துக்கு அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கும்,



உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வீர்கள். பிரஷர் என்ன, எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அவருடைய நாக்கு ஈரமாக இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பெரும்பாலானோர் பார்த்திருக்கவே மாட்டீர்கள். பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஆத்திரத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

வாய் வறண்டுபோவதை நாம் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. வயதானால் அப்படித்தான், இரண்டு வாய் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். வறண்ட வாய் எதை வரவழைக்கும் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். காதுக்கு முன்னும் கீழுமாக ஒரு பக்கக் கன்னம் வீங்கி, தோல் சிவந்து பளபளத்து, தொட்டாலே துடித்துப்போகிற வலி. வாயைத் திறந்து ஒரு கரண்டி கஞ்சியை வாங்க முடியாது. காய்ச்சல் ஏறும், புத்தி தடுமாறும். உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது என்பது இதுதான். குழந்தைகளுக்கும் நடுவயதுக்காரர்களுக்கும்கூட வரும். ஆனால் இது அதிகமாகத் தேடிப் போவது உடம்பில் நீர் குறைந்த வயதானவர்களையும், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர்களையும்தான்.

நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி. காதருகே ஒன்று, தாடைக்கு அடியில் ஒன்று, நாக்குக்கு அடியில் ஒன்று என இரண்டு பக்கமும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும். காதருகே உள்ள சுரப்பியின் குழாய் கன்னத்தின் உட்பக்கமாக வந்து, மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே திறக்கிறது. வாயில் எந்நேரமும் கிருமிகள் உண்டு. எச்சில் ஓடிக்கொண்டே இருப்பதால் அவை குழாய்க்குள் ஏற முடிவதில்லை. ஓட்டம் நின்ற வாய்க்காலில் பாசி ஏறுவதுபோல, சுரப்பு நின்றால் கிருமி பின்னோக்கி ஏறிச் சுரப்பிக்குள் குடியேறிவிடும். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதான் இந்த வேலையைச் செய்கிறது. காதருகே உள்ள சுரப்பியைச் சுற்றி இறுக்கமான உறை ஒன்று இருப்பதால் வீக்கம் விரிந்துகொள்ள இடமில்லை. வலி அவ்வளவு கடுமையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். சாப்பாட்டைப் பார்த்ததும் சுரப்பி சுரக்க முயலும், அப்போது வலி இன்னும் ஏறும். வலிக்குப் பயந்து அவர் சாப்பிட மறுப்பார். சாப்பிடாததால் எச்சில் இன்னும் குறையும். பெரியவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நீங்கள் சலித்துக்கொள்கிற நேரத்தில் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

இந்த வீக்கத்தைப் பார்த்ததும் நம் ஊரில் முதலில் வருகிற பெயர் பொன்னுக்கு வீங்கி. உடனே பீரோவிலிருந்து தங்கச் சங்கிலி வெளியே வரும், கன்னத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போடுவார்கள். இன்னொருவர் வந்து நெறி கட்டியிருக்கிறது என்பார். பல் வலியாக இருக்கும் என்பார் மூன்றாமவர். பொன்னுக்கு வீங்கி வைரஸால் வருவது. பெரும்பாலும் பிள்ளைகளுக்கு வரும். ஒரு பக்கம் தொடங்கினாலும் பலருக்கு மறுபக்கமும் வீங்கும். சீழ் வைக்காது, தானாகவே அடங்கும். நம் பெரியவர்களில் பலருக்கு அது சின்ன வயதிலேயே வந்து போயிருக்கும். எழுபது வயதில், ஒரு பக்கம் மட்டும், காய்ச்சலோடு கன்னம் வீங்கினால் அதைப் பொன்னுக்கு வீங்கி என்று நீங்களே முடிவுகட்டிவிட்டு உட்கார்ந்திருக்க முடியாது. சங்கிலி போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆசைப்பட்டால் போட்டுவிடுங்கள். போட்டுக்கொண்டே ஆட்டோ பிடியுங்கள். பத்து மட்டும் வேண்டாம். சுண்ணாம்பு ஏற்கெனவே புண்ணான தோலை இன்னும் பொத்துப்போக வைத்துவிடும். தோல் எவ்வளவு சிவந்திருக்கிறது என்பதையும் மருத்துவரால் பார்க்க முடியாமல் போகும்.

என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வார்டில் படுக்கை மாற்ற வந்த ஆயா ஒருவர், நல்ல மனதோடுதான், என் காதில் சொன்னார்: "தண்ணி ரொம்பக் குடுக்காதீங்கம்மா, அப்புறம் ராத்திரி பூரா பெட்பேன் வச்சிட்டே இருக்கணும்." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரே ஆளிடம் அத்தனை படுக்கைகளை ஒப்படைத்தால் அவரும் வேறென்ன சொல்வார்? ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த சீட்டில் காலை மடக்காதீர்கள் என்று இருந்தது, ஊசி தேதி இருந்தது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை இருந்தது. தண்ணீர் பற்றியும் வாய் பற்றியும் ஒரு வரிகூட இல்லை.

வீட்டுக்கு வந்த சில நாட்களில் கன்னம் வீங்கியது. காது மூக்கு தொண்டை மருத்துவர் கையுறை மாட்டிக்கொண்டு வீக்கத்தை வெளிப்புறமாக, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெல்ல நீவினார். கன்னத்தின் உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே இருந்த சின்னப் புள்ளியிலிருந்து மஞ்சளாகச் சீழ் வந்தது. அதைத் துடைத்துச் சோதனைக்கு எடுத்தபடியே அவர் கேட்டார்: "கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க?" நான் கணக்குப் போடுவதற்குள் அத்தையே பதில் சொன்னார். வாய் திறக்க முடியாமல் பல்லிடுக்கில் வந்த வார்த்தைகள்: "குடிச்சாத்தானே சார் போகணும். ராத்திரி இந்தப் பொண்ணை எழுப்பக் கூடாதுன்னு நான்தான் குடிக்கல."

வார்டில் எனக்குச் சொல்லப்பட்டது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நான் அதன்படி செய்யவில்லை, கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். அவர் கேட்பதைத்தான் நிறுத்திவிட்டார்.

இதை உங்களிடம் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தம்ளரைத் தொடாத அம்மாக்கள் எத்தனை பேர் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். வயதானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும். உடம்புக்குத் தண்ணீர் தேவைப்படும்போதும் நாக்கு கேட்காது. அதன்மேல் பயமும் ஏறிக்கொள்கிறது. கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது, வழியில் விளக்கு இல்லை, தரை வழுக்குகிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பினால் 'உச்' என்று ஒரு சத்தம் வரும். நீங்கள் தூக்கக் கலக்கத்தில் தெரியாமல் விட்ட அந்த ஒரு 'உச்' அவர்களுக்கு மறுநாள் முழுவதும் மறக்காது. பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதை ஒரு விரதம்போல் அனுசரிக்கிற தலைமுறை அது. படுக்கை நனைந்துவிட்டால் வருகிற அவமானத்தைவிட நா வறண்டு கிடப்பது மேல் என்று அவர்களே முடிவெடுத்துவிடுகிறார்கள். நம்மிடம் சொல்வதுமில்லை.

ஆகவே, தண்ணீர் குடியுங்கள் என்று மட்டும் அவர்களிடம் சொல்லாதீர்கள். அது அவர்கள் காதில் ஏறாது. ராத்திரி எழுந்து போகிற வழியைச் சரிசெய்யுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி, கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழியில் விடிய விடிய எரிகிற சின்ன விளக்கு போதும். கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மணி அல்லது அழைப்பு பொத்தான் இருக்கட்டும். மகனுக்குத் தன் மனைவியை எழுப்பக் கூச்சமில்லை, மாமியாருக்கு மருமகளை எழுப்பக் கூச்சம் இருக்கிறது. அதனால் ராத்திரி எழுந்துகொள்ளும் முறையை வீட்டில் இருப்பவர்கள் பங்குபோட்டுக்கொள்ளுங்கள். ஆண்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவ்வளவும் செய்த பிறகு தம்ளரை நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். பகலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நீர்மோர், ரசம், கஞ்சித் தண்ணீர் என்று உள்ளே போய்விட்டால் ராத்திரிப் பாரமும் குறையும். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு மருத்துவர் தண்ணீருக்கு அளவு வைத்திருப்பார். அவர்களுக்கு அந்த அளவுதான், நீங்களாக ஏற்றக் கூடாது. ஆனால் அந்த அளவையாவது முழுதாகக் குடிக்கிறார்களா என்று பார்க்கலாம் அல்லவா? விழுங்கும்போது புரையேறுகிறவர்களுக்கு அவசரமாக வாயில் ஊற்றுவதும் ஆபத்து. நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாக.

அடுத்தது மாத்திரைப் பெட்டி. அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கிற பழைய மாத்திரைகள், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், கை நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிபெனிடில், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கான ஆக்ஸிபியூட்டினின் எல்லாம் எச்சிலை வற்ற வைப்பவை. கால் வீக்கத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற நீர் மாத்திரை உடம்பின் நீரையே குறைக்கும். ஒரு டாக்டர் ஒன்றைக் கொடுத்திருப்பார், இன்னொருவர் மற்றொன்றை. இரண்டும் சேர்ந்து வாயை என்ன செய்கின்றன என்று கேட்க ஆளிருக்காது. அந்த ஆள் நீங்களாக இருங்கள். தயவுசெய்து எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், "டாக்டர், இதில் வாயை வறளவைப்பது எது, அது இல்லாமல் முடியுமா, அளவைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டர்களும் உண்டு. அப்படிப்பட்டவரிடமும் கேளுங்கள்.

இந்தச் சுரப்பி வீக்கம் நம் வீட்டு அலட்சியத்தால் மட்டும் வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்ட் 1881 ஜூலை 2 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். நாட்டின் பெரிய மருத்துவர்கள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டார்கள். சாப்பாடு வயிற்றில் தங்காமல் ஆசனவாய் வழியாகவே ஊட்டம் செலுத்த வேண்டிய நிலை வந்தது. ஆள் உருகிப்போனார். ஆகஸ்டில் அவருக்கும் காதருகே சுரப்பி வீங்கிச் சீழ் பிடித்தது. செப்டம்பர் 19 அன்று இறந்தார். குண்டுக் காயமும் அதன் விளைவுகளும்தான் அவரைக் கொன்றன, சுரப்பி அல்ல. ஆனாலும் நாட்டின் முதல் மனிதருக்கே நீர் வற்றிய உடம்பில் இது வந்தது. வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இது வருவது அந்தக் காலத்தில் சகஜம். ரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றும் வழக்கம் வந்த பிறகுதான் குறைந்தது. இப்போது மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஊசிக் குழாய் இல்லை. அங்கிருந்து பொறுப்பு உங்களுடையது.

இத்தனைக்குப் பிறகும் வந்துவிட்டால்? அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மெடிக்கல் ஷாப்பில் "கன்னம் வீங்கியிருக்கு, ஏதாவது ஆன்டிபயாடிக் கொடுங்க" என்று இரண்டு வேளைக்கு வாங்கிப் போடாதீர்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், வாய்வழி போதுமா, ரத்தக்குழாய் வழியாகச் செலுத்த வேண்டுமா என்பதெல்லாம் பார்த்து எழுத வேண்டிய விஷயம். பாதி மருந்து வீக்கத்தை ஒரு நாள் அடக்கி, உள்ளே சீழை வளரவிடும். மருந்து தொடங்கி இரண்டு நாளில் வலியும் காய்ச்சலும் குறையத் தொடங்க வேண்டும். குறையாவிட்டால் காத்திருக்காமல் திரும்பப் போங்கள். உள்ளே சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்து, இருந்தால் வெளியேற்றுவார்கள். முகத்தை அசைக்கிற நரம்பு காதருகே உள்ள அந்தச் சுரப்பிக்குள்ளேயேதான் ஓடுகிறது. ஆகவே கட்டியை வீட்டில் பிதுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்திப் பார்ப்பது எல்லாம் கனவிலும் கூடாது.

மருந்தோடு சேர்த்து நீங்கள் செய்யக்கூடியதும் நிறைய உண்டு. அத்தைக்கு உண்மையில் ஆறுதல் கொடுத்தது அவைதான். பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஒத்தடம், ஒரு நாளில் பலமுறை. சர்க்கரை நோயாளிகளுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டு வையுங்கள். காதுப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாக மெல்ல நீவுவது எப்படி என்று மருத்துவரிடமே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் சரி என்ற பிறகு செய்யுங்கள். எச்சிலை ஓடவைக்க ஒரு துளி எலுமிச்சைச் சாறு நாக்கில் வைக்கச் சொல்வார்கள். முதல் சில நாள் அதுவே உயிர் போகிற வலியாக இருக்கும், கட்டாயப்படுத்தாதீர்கள். வலி தணிந்ததும் புளிப்புதான் சுரப்பியைத் திரும்ப வேலைக்கு அழைத்து வரும். ஊறுகாய்ப் பாட்டிலைப் பார்த்து அத்தை முதல்முறை முகம் சுளிக்காமல் இருந்தபோது எனக்கு வந்த நிம்மதி ஸ்கேன் ரிப்போர்ட் பார்த்தபோதுகூட வரவில்லை. சாப்பாடு குழைவாக, ஆறவைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீரால் வாய் கொப்பளிக்கட்டும். கொப்பளிக்க முடியாதவர்களுக்குச் சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து விரலில் சுற்றி ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்பக்கம் எல்லாம் துடைத்துவிடுங்கள். பல்செட்டை ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள். அதோடு தூங்கவிடாதீர்கள்.

மூச்சு விடச் சிரமம், எச்சிலைக்கூட விழுங்க முடியாத நிலை, வீக்கம் கழுத்துக்கும் நாக்கின் அடிக்கும் இறங்குவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, ஆளே மயங்கிக் குழம்பிப் பேசுவது, இவற்றில் எதைக் கண்டாலும் நாளை காலை வரை பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

இன்னொன்று. வீக்கம் சாப்பிடும் நேரத்தில் மட்டும் வந்து, பிறகு மெல்ல வடிந்தால் குழாயில் கல் அடைத்திருக்கலாம். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பியில்தான் இது அதிகம். மெல்லிய குழாய்க் கருவியை உள்ளே விட்டுக் கல்லை எடுக்கும் வசதி பெரிய ஊர்களில் வந்துவிட்டது. வலியே இல்லாமல் ஒரு கட்டி மெதுவாக வளர்ந்தால், வலிக்கவில்லையே என்று சந்தோஷப்படாதீர்கள். அதைத்தான் சீக்கிரம் காட்ட வேண்டும். கண்ணும் வாயும் சேர்ந்து எப்போதும் வறண்டிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கென்றே ஒரு நோய் உண்டு, அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையும் உண்டு.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு பெற்றோரை ஆள் வைத்துப் பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வீடியோ காலில் முகத்தைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கீங்க" என்று கேட்டால் நல்லாயிருக்கேன் என்றுதான் பதில் வரும். நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. பார்த்துக்கொள்கிற பெண்ணிடம், சாப்பிட்டார்களா என்று மட்டும் கேட்காமல், இன்று எவ்வளவு குடித்தார்கள், எத்தனை முறை ஒண்ணுக்குப் போனார்கள் என்று கேளுங்கள். ராத்திரி எழுந்து உதவுவதற்கென்று அந்தப் பெண்ணுக்குக் கூடுதல் சம்பளம் கொடுங்கள். தூக்கம் கெடுவதற்குக் கூலி இல்லாத இடத்தில் தம்ளர் தானாகவே தள்ளிவைக்கப்படும்.

பெரியவர்களை டிஸ்சார்ஜ் செய்து அனுப்புகிற மருத்துவமனைக்காரர்களும் இதைப் படித்தால், உங்கள் சீட்டில் இரண்டு வரி சேருங்கள். இவர் ஒரு நாளைக்கு இவ்வளவு நீர் குடிக்க வேண்டும், வாயை இப்படிச் சுத்தம் செய்ய வேண்டும். இதற்கு இயந்திரமும் வேண்டாம், செலவும் இல்லை.

இனி என் வேண்டுகோள். இன்று ராத்திரி படுக்கப் போவதற்கு முன், ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பெரியவரின் வாயைத் திறந்து பாருங்கள். நாக்கு வெடித்திருக்கிறதா, எச்சில் நூலாக இழுக்கிறதா, உதட்டோரம் புண்ணாக இருக்கிறதா என்று பாருங்கள். காதுக்கு முன்னும் தாடைக்கு அடியிலும் விரலால் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்கிறதா என்று. பிறகு தம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, "ராத்திரி எத்தனை தடவை வேணும்னாலும் எழுப்புங்க, நான் வரேன்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். எழுப்பினால், முகம் சுளிக்காமல் போங்கள்.